சவலைப் பிள்ளையும் சத்துணவு முட்டையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் இதை மட்டும் முழுதாக வாசித்துவிடுங்கள். நான் இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் இதில் இருக்கிறது.

போன வாரம் எங்கள் பெரிய மதினி பேரனுக்கு முதல் பிறந்தநாள். வந்தவர்களில் ஒருவர் பெரிய புரோட்டீன் பவுடர் டப்பாவைப் பரிசாகக் கொண்டுவந்திருந்தார். பிள்ளையின் தாய் என்னிடம் வந்து, "பெரியத்தை, இத எப்ப இருந்து குடுக்கலாம்? நீங்க டீச்சர்லா, சொல்லுங்க" என்றாள். பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். "அப்புறமா விவரமா சொல்லுதேன் மக்கா" என்று வந்துவிட்டேன். அந்த விவரம்தான் இது. ஆனால் அறுபது வருஷம் பின்னால் போய்த்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் பிறந்தது சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய் பாயும் ஒரு சிற்றூர். கார், பிசானம் என்று வருஷத்துக்கு இரண்டு போகம் விளையும் பூமி. அப்பா கூலிக்கு உழுதார், அம்மா நடுகைக்கும் களையெடுப்புக்கும் போனாள். நான் மூத்தவள். எனக்குப் பின்னால் 1962 கார்த்திகையில் ஒரு தம்பி பிறந்தான். அவனுக்கு ஒன்றரை வயது ஆகும்போது தங்கை பிறந்துவிட்டாள்.

அம்மா மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே ஆச்சி தம்பிக்குப் பால் மறக்கடிக்கச் சொல்லிவிட்டாள். வயிற்றுப்பிள்ளைக்காரியின் பால் மூத்த பிள்ளைக்கு ஆகாது என்பது அன்றைய நம்பிக்கை. அதன் பிறகு அவனுக்குக் கிடைத்தது கஞ்சித்தண்ணீரும் குழைந்த சோறும்தான். பருப்பு கொடுத்தால் வாயு, முட்டை கொடுத்தால் மாந்தம் என்று இரண்டும் கிடையாது. பசும்பால் வாங்க வசதியும் கிடையாது.

சில மாதத்தில் அவன் விளையாடுவதை நிறுத்திவிட்டான். வைத்த இடத்தில் உட்கார்ந்து முனகிக்கொண்டே இருப்பான். தலைமுடி செம்பட்டையாகி, தொட்டால் கையோடு வந்தது. பிறகு காலும் முகமும் உப்பின. பார்க்க வந்த ஒரு அக்கம்பக்கத்து அம்மாள், "பிள்ளை இப்பத்தான் பூசினாப்புல இருக்கான்" என்று சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆச்சிக்கு மட்டும் தெரிந்தது. "சவலை பாஞ்சிட்டான்" என்றாள்.

1965 தை மாதம் அவனுக்கு மணல்வாரி போட்டது. ஐந்தாம் நாள் போய்விட்டான். பிசான அறுவடை நேரம். களத்தில் நெல் குவிந்து கிடந்தது.

சவலை என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். அடுத்த பிள்ளை வந்ததால் தாய்ப்பால் இழந்து மெலியும் பிள்ளைக்குத் தமிழில் சவலைப் பிள்ளை என்று பெயர். நம் யாப்பிலக்கணத்தில்கூட, இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதாவது இந்த நோயைத் தாய்மார்களும் பாட்டிமார்களும் எத்தனையோ தலைமுறையாகப் பார்த்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். காரணம்தான் தெரியவில்லை.

இதே கதை ஆப்பிரிக்காவிலும் நடந்தது. சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர், ஜமைக்காவில் பிறந்தவர், 1929-ல் கோல்ட் கோஸ்ட் என்று அன்று அழைக்கப்பட்ட இன்றைய கானா நாட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்று முதல் நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் கை கால் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறி இறந்துகொண்டிருந்தார்கள். பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சியே அவர்களுக்கு உணவு. 1933-ல் இதைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் எழுதினார். பெரிய டாக்டர்கள் சிலர், இது ஏற்கெனவே தெரிந்த பெலாக்ரா நோய்தான் என்று மறுத்தார்கள். அவர் விடவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் இந்த நோயை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேட்டு, 1935-ல் அதே பெயரையே மருத்துவ உலகுக்குக் கொடுத்தார். குவாஷியோர்கர். கா என்ற மொழியில் அதன் பொருள், அடுத்த குழந்தை பிறந்ததும் இடம் இழந்த பிள்ளைக்கு வரும் நோய்.

இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பாட்டியும் எங்கள் ஆச்சியும் ஒரே சொல்லைத்தானே சொல்லியிருக்கிறார்கள்!

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? கரும்பலகையில் எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் தசை, தோல், முடி, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், உணவைச் செரிக்க வைக்கும் நொதிகள், நோயோடு சண்டை போடும் எதிர்ப்பொருள்கள் எல்லாமே புரதங்கள். புரதம் என்பது சொல் என்றால், அமினோ அமிலம் என்பது எழுத்து. தமிழுக்கு 247 எழுத்து. உடம்பின் மொழிக்கு 20 எழுத்துதான். அதை வைத்தே ஆயிரக்கணக்கான சொற்களை உடம்பு எழுதிவிடுகிறது. இந்த 20-ல் 9 எழுத்துகளை நம் உடம்பால் செய்துகொள்ள முடியாது. சாப்பாட்டில்தான் வர வேண்டும். அவற்றை அத்தியாவசிய அமினோ அமிலங்கள் என்கிறோம். ஒரே ஒரு எழுத்து தீர்ந்துபோனாலும் அந்த எழுத்து வரும் சொல்லை எழுத முடியாது. மற்ற 19-ம் மூட்டை மூட்டையாக இருந்தாலும் பயனில்லை.

அரிசியில் லைசின் என்ற எழுத்து குறைவு. பருப்பில் லைசின் நிறைய உண்டு, ஆனால் மெத்தியோனின் குறைவு. அரிசியில் மெத்தியோனின் பரவாயில்லை. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது அடைக்கிறது. நம் ஊர் உளுந்தஞ்சோற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி, தொலி உளுந்து, தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். எள்ளில் மெத்தியோனின் அதிகம். எந்தக் கல்லூரியிலும் படிக்காத கிழவிகள் செய்த கணக்கு இது. இட்லி, பொங்கல், சொதிக்குள் போடும் பாசிப்பருப்பு எல்லாம் அதே கணக்குத்தான். இந்தக் கணக்கில் சேராமல் போனவர்கள் கைப்பிள்ளைகள்தான். அவர்களுக்குப் பருப்பை விலக்கி வெறும் கஞ்சியைக் கொடுத்தார்கள்.

வீக்கம் ஏன்? கல்லீரல் ஆல்புமின் என்ற புரதத்தைச் செய்து ரத்தத்தில் விடுகிறது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்துவைப்பது அதன் வேலைகளில் ஒன்று. அது குறைந்தால் நீர் கசிந்து சதையில் தேங்கும். வீக்கத்துக்கு இது மட்டுமே காரணம் இல்லை, வேறு காரணங்களும் சேர்கின்றன என்று இன்றைய ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கல்லீரலில் கொழுப்பு தேங்கி வயிறு உப்புவதும் இதில் உண்டு. எதிர்ப்புச் சக்தி போய்விடுவதால் மணல்வாரியோ வயிற்றுப்போக்கோ வந்தால் பிள்ளை தாங்காது. ஆக, உப்பிய கன்னத்தைப் பார்த்து "பூசினாப்புல" என்று நினைத்தது, சாகக் கிடந்த பிள்ளையைப் பார்த்து நினைத்தது.

இந்த ஆராய்ச்சியில் நம் தமிழ்நாட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. குன்னூரில் 1918-ல் ராபர்ட் மெக்கரிசன் சின்னதாகத் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் பின்னால் ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. அவருக்குப் பின் வந்த அய்க்ராய்டு காலத்தில், 1937-ல், இந்திய உணவுகளில் எதில் என்ன சத்து எவ்வளவு என்ற பட்டியல் முதன்முதலாக வெளியானது. இன்று நாம் நூறு கிராம் அரிசியில் 7, 8 கிராம் புரதம், பருப்பில் 22 கிராம் போல, ஒரு முட்டையில் 6 கிராம் என்று வாய்ப்பாடு போலச் சொல்வதற்கு அந்தக் குன்னூர் வேலைதான் வேர். 1958-ல் அந்தக் கூடம் ஐதராபாத்துக்குப் போய், பின்னர் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

அங்கே இயக்குநராக இருந்தவர் சி. கோபாலன். சேலத்தில் பிறந்தவர், 100 வயது வாழ்ந்து 2019-ல் மறைந்தார். அன்று உலகம் முழுக்க ஒரே பேச்சு, ஏழை நாடுகளில் புரதம் போதவில்லை, புரத மாவு செய்து அனுப்பினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று. ஐக்கிய நாடுகள் சபையே 1968-ல் புரத நெருக்கடி வருகிறது என்று அறிக்கை விட்டது. கோபாலன் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்துவிட்டு வேறு ஒன்றைச் சொன்னார்கள். வீங்கிப்போகும் குவாஷியோர்கர் பிள்ளைக்கும், எலும்பும் தோலுமாக வற்றிப்போகும் மராஸ்மஸ் பிள்ளைக்கும் கிடைத்த சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பேருக்கும் மொத்தச் சாப்பாடே போதவில்லை!

எப்படி என்று கேட்பீர்கள். அடுப்புக்கு விறகு இல்லாவிட்டால் சிலர் கதவைப் பெயர்த்து எரிப்பார்கள் அல்லவா? உடம்பும் அப்படித்தான். வயிறு நிறையாவிட்டால், சாப்பிட்ட கொஞ்சப் புரதத்தையும், பிறகு தன் சதையையும் எரித்துச் சூடாக்கிக்கொள்ளும். கட்டட வேலைக்கு வைத்த மரம் அடுப்புக்குப் போய்விடும். அரிசியும் பருப்பும் கலந்த சாப்பாடு வயிறு நிறையக் கிடைத்தால், பிள்ளைக்கு வேண்டிய புரதமும் பெரும்பாலும் அதிலேயே வந்துவிடும். 1974-ல் டொனால்டு மெக்லாரன் என்ற மருத்துவர் லான்செட் இதழில், இந்தப் புரத மாவு ஓட்டமே பெரிய தோல்வி என்று எழுதினார். நம்மவர் அதற்கு முன்பே தடம் காட்டிவிட்டார்.

இனி பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன்.

பிள்ளைகளுக்கு மதியம் சோறு போடும் வேலை 1920-லேயே சென்னையில் தொடங்கியது. பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் என்று தீர்மானம் போட்டார்கள். சில ஆண்டுகளில் அது நின்றுபோனது.

பிறகு காமராஜர். எங்கள் சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் அவர் கார் நின்றபோது, மாடு மேய்த்த பையனிடம் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று கேட்டதாகவும், போனால் சோறு நீ தருவாயா என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். வாய்வழியாக வந்த கதை. அப்படியே நடந்ததோ இல்லையோ, அந்தப் பையனின் கேள்வி பொய்யில்லை. 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. எட்டயபுரம் அன்று நம் திருநெல்வேலி மாவட்டம்தான். தூத்துக்குடி 1986-ல்தான் பிரிந்தது. கல்வித் துறைக்குத் தலைமை வகித்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் நன்கொடை திரட்டினார். எங்கள் ஊரில் மாதம் ஒரு மரக்கால் நெல் பள்ளிக்கூடத்துக்கென்று ஒதுக்கிய வீடுகள் இருந்தன என்று ஆச்சி சொல்வாள்.

1961 முதல் அமெரிக்காவின் கேர் நிறுவனம் பால் பவுடரும் எண்ணெயும் தானியமும் அனுப்பத் தொடங்கியது. என் வயதுக்காரர்களுக்கு அந்தப் பால் வாசனையும் மஞ்சள் உப்புமாவும் இப்போதும் மூக்கில் நிற்கும். அந்த மஞ்சள் மாவிலும் ஒரு கணக்கு இருந்தது. மக்காச்சோளத்தில் லைசினும் டிரிப்டோஃபேனும் குறைவு. அதனால் சோயாவும் பாலும் கலந்து, விடுபட்ட எழுத்துகளைச் சேர்த்து 1966 முதல் அனுப்பினார்கள்.

இப்போது நான் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லுகிறேன்.

1964-ல் நான் ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அண்டாவில் பால் கரைத்து ஆளுக்கு ஒரு தம்ளர் ஊற்றுவார்கள். எனக்கு அந்த வாடை பிடிக்காது. பல நாள் குடிப்பதுபோல் போக்குக் காட்டிவிட்டு, பின்பக்கம் போய்ப் புளியமரத்து மூட்டில் கொட்டிவிடுவேன். அங்கிருந்து எங்கள் வீடு கூப்பிடு தூரம். அங்கே தம்பி திண்ணையில் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தான்.

அப்போது எனக்குத் தெரியாது. ஐந்து வயசுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஆனால் 1978-ல் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தபோது, உடல்நலக் கல்விப் பாடத்தில் ஒரு படம் வந்தது. வீங்கிய கால், உப்பிய முகம், செம்பட்டை முடி. கீழே குவாஷியோர்கர் என்று போட்டிருந்தது. அது எங்கள் தம்பி. சிகிச்சை என்ற தலைப்பில், கொழுப்பு நீக்கிய பால் பவுடரிலிருந்து சிறிது சிறிதாகத் தொடங்க வேண்டும் என்று இருந்தது. வகுப்பில் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று கேட்ட தோழிகளிடம் தலைவலி என்றேன்.

அதை அம்மாவிடம் சொல்ல எனக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது தம்பி பேச்சு வந்தது. "என் பாலே அவனுக்கு விஷமாயிட்டு" என்று வழக்கம்போல் அம்மா ஆரம்பித்தாள். இல்லை அம்மா, பாலை நிறுத்தியதும், அதற்கு ஈடாக வேறு சாப்பாடு கொடுக்காததும்தான் காரணம், உண்டாகியிருந்தாலும் பால் கொடுக்கலாம், விஷமெல்லாம் ஆகாது என்று பாடம் எடுப்பதுபோல் சொன்னேன். அம்மா கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். "அப்ப என் பாலு இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். முப்பது வருஷமாக அவள் சுமந்தது அது. பாலைக் கொட்டிய கதையை அன்றும் நான் சொல்லவில்லை. அம்மாவும் இப்போது இல்லை.

இன்னொன்றும் உண்டு. கர்ப்பிணியாக இருந்த அம்மாவும் கடைசி ஆளாகத்தான் சாப்பிட்டாள். பானையில் மிஞ்சியது அவளுக்கு. பிள்ளை சவலையானதற்குத் தாயைக் குற்றம் சொல்லும் ஊர், தாய் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதே இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1982 ஜூலை 1 அன்று, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது, பள்ளிப் பிள்ளைகளோடு 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளையும் சேர்த்ததுதான். சவலை பாயும் வயசு அதுதானே! என் தம்பி வயசுக்காரனுக்கும் தட்டு வந்துவிட்டது. இவ்வளவு செலவு தேவையா என்று அன்று கேலி பேசியவர்கள் உண்டு. ஆசிரியர் அறையிலும் பேசினார்கள். நான் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பேன்.

1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 1998-ல் வாரம் ஒன்று, 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் ஐந்து. முட்டையின் புரதத்தில் அந்த 9 எழுத்துகளும் வேண்டிய அளவில் இருக்கின்றன. அரிசிச் சோற்றின் லைசின் குறையை ஒரு முட்டை அடைத்துவிடும். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுத்தோம். அவர்களுக்கு நான் பயறும் கடலையும் வீட்டில் சேர்க்கச் சொல்வேன். வாழைப்பழத்தில் புரதம் மிகக் குறைவு. 2001-ல் உச்ச நீதிமன்றம், நாடு முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எட்டயபுரத்தில் பற்றவைத்த அடுப்பு அப்படித்தான் இந்தியா முழுக்கப் பரவியது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவும் தொடங்கியபோது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தொலைக்காட்சியில் பார்த்துக் கண் கலங்கிவிட்டது.

வாரம் ஒரு முட்டை வந்த புதிதில், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சோற்றைச் சாப்பிட்டுவிட்டு முட்டையைப் பைக்குள் ஒளித்துவைப்பதைப் பார்த்தேன். பள்ளியிலேயே சாப்பிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது விதி. கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பிக்கு டீச்சர்" என்றாள். எனக்குப் புளியமரத்து மூடு ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்கு அந்த முட்டையை அவளையே சாப்பிட வைத்தேன். என் பங்குக்குக் கடையில் ஒன்று வாங்கி அவித்து, சாயங்காலம் அவளோடு வீட்டுக்குப் போனேன். தம்பிக்கு இரண்டு வயசு. கைக்குழந்தை ஒன்றும் தொட்டிலில் கிடந்தது. மறுநாளே அவனை அங்கன்வாடியில் சேர்க்கச் சொன்னேன். அவர்கள் அம்மாவும் சேர்த்தாள். இந்தப் பதிவை அந்த அக்காவும் வாசிப்பாள். அவள் இப்போது செவிலியர். உன் பெயரைச் சொல்லவில்லை மக்கா, கோபித்துக்கொள்ளாதே.

இனி பிறந்தநாள் வீட்டுக் கேள்விக்குப் பதில்.

ஒரு வயதுப் பிள்ளைக்கு அந்த டப்பா வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த பருப்புச் சோறு, ஒரு சொட்டு நெய், மசித்த முட்டை, உளுந்தங்கஞ்சி, முளைகட்டிய பயறு, உங்கள் வழக்கம் என்றால் முள் நீக்கிய மீன். தாய்ப்பாலை இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அடுத்து உண்டானாலும் உடனே நிறுத்த வேண்டியதில்லை, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை கன்னம் உப்பினால் சந்தோஷப்படுவதற்கு முன் பாதத்தில் விரலை அழுத்திப் பாருங்கள். குழி விழுந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. புரதம் நல்லது என்பதற்காக யாரும் தாமாக டப்பா டப்பாவாகக் குடிக்காதீர்கள். என் தோழி ஒருத்திக்குச் சிறுநீரகம் பழுது. புரதம் செரித்து வரும் கழிவான யூரியாவை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. அது பழுதானவர்களுக்கு மருத்துவர் புரதத்தை அளந்துதான் கொடுப்பார். ஒருவருக்கு மருந்தானது இன்னொருவருக்குச் சுமை.

வீட்டில் உண்டாகியிருக்கும் பெண்ணுக்கு முதல் தட்டு போடுங்கள். இதைச் சொல்ல டீச்சர் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

தம்பி இருந்திருந்தால் இந்தக் கார்த்திகையோடு அவனுக்கும் அறுபது தாண்டியிருக்கும். உங்கள் எல்லோருக்கும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ கூடுதலாக இருந்திருப்பார்.

எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், கண்ணாடி மாற்ற வேண்டும். உங்கள் ஊர்ப் பக்கம் சவலைக்கு வேறு பெயர் இருந்தாலும், உங்கள் பள்ளிக்கூட மதியச் சோற்று ஞாபகம் இருந்தாலும் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்